இக்கட்டான காலத்தில் இதயம் நிறைந்த நன்றி



எல்லாச் சூழ்நிலையிலும் இறைவனுக்கு நன்றி கூற வேண்டும் என்று தூய பவுலடியார் தெசலோனிக்க மக்களுக்கு எழுதினார் (1 தெச 5:18). மறையுரைகளில் நாம் அடிக்கடி கேட்கும் அறிவுரை இது. கேட்கும்போது தலையசைக்கிறோம். ஆனால் மாதக் கடைசியில் வாடகைக்கும் வட்டிக்கும் கணக்குப் பார்க்க உட்காரும்போது அதே அறிவுரை முள்ளாகக் குத்துகிறது. "எதற்காக நன்றி சொல்வது?" என்று மனம் கேட்கிறது. இப்படிக் கேட்பது பாவம் என்று நினைத்துப் பலர் அதை உள்ளேயே அடக்கிக்கொள்கிறார்கள். உதடு நன்றி சொல்கிறது. உள்ளமோ மௌனமாக இருக்கிறது.

உள்ளமும் சேர்ந்து நன்றி சொல்ல என்ன வழி? துன்பத்தை மறந்தால்தான் நன்றி சொல்ல முடியுமா? இறைவார்த்தையின் ஒளியிலும் நம் வேலூர் மண் கற்றுத்தந்த ஒரு பாடத்தின் ஒளியிலும் இதைச் சிந்திப்போம்.

நம் பகுதியின் காயங்கள்

2019ஆம் ஆண்டில் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்ட நம் பகுதியை உலகம் தோலாலும் காலணியாலும் அறிகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் உழைப்பு கடல் கடந்து போகிறது. அதிகாலையில் கம்பெனி பஸ்ஸுக்காகச் சாலையோரம் காத்து நிற்கும் பெண்களில் நம் பங்கு மக்களும் உண்டு. எங்கோ தொலைதூர நாட்டில் எடுக்கப்படும் ஒரு முடிவு இவர்கள் வீட்டு அடுப்பைத் தொடுகிறது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான வரியை அமெரிக்கா 50 விழுக்காடாக உயர்த்தியபோது, ஆர்டர் குறையுமோ, வேலை போகுமோ என்ற அச்சம் இங்கே பரவியது.

அதற்கு முன்பும் காயங்கள் உண்டு. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது சேறு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். 2020 மார்ச் 21 அன்று நம் ஆயர் மேதகு சவுந்தரராஜு இறைவனடி சேர்ந்தார். மூன்று நாள்களில் நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. ஆலயக் கதவுகளும் மூடின, கம்பெனிக் கதவுகளும் மூடின. அடுத்த ஆயராக மேதகு அம்புரோஸ் பிச்சைமுத்து 2023இல் பொறுப்பேற்கும்வரை மறைமாவட்டம் காத்திருந்தது. இதற்கிடையே 2021 நவம்பர் 19 அன்று பெய்த பெருமழையில் பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து, குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் உயிரிழந்தனர்.

இவையெல்லாம் நடந்த ஊரில்தான் நாம் நன்றியைப் பற்றிப் பேசுகிறோம். ஆகவே இந்தக் காயங்களை மறைக்காத நன்றியே நமக்குத் தேவை.

கரிகிரி கற்றுத்தந்த பாடம்

காட்பாடி அருகே உள்ள கரிகிரியில் 1955ஆம் ஆண்டு முதல் தொழுநோயாளருக்குப் பணி செய்துவரும் ஒரு மருத்துவ மையம் இருக்கிறது. இந்த மையத்தோடும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையோடும் நெருங்கிய தொடர்பு கொண்டவர் மருத்துவர் பால் பிராண்டு. 1914ஆம் ஆண்டு கொல்லிமலையில் மறைப்பணியாளர்களின் மகனாகப் பிறந்தவர், 1946இல் சி.எம்.சி.க்கு வந்தவர். அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் அவர் கண்டறிந்த ஓர் உண்மை எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் சொந்தமானது.

தொழுநோய் சதையை அழுகச் செய்து விரல்களை உதிர்க்கிறது என்றே அக்காலத்தில் பலரும் நம்பினார்கள். பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் நோயாளிகளைக் கூர்ந்து கவனித்தபோது வேறொன்று தெரிந்தது. நோய் நரம்புகளைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டதும் வலி தெரிவதில்லை. வலி தெரியாதவர் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறார். செருப்புக்குள் ஆணி குத்தியிருந்தாலும் நாள் முழுவதும் நடக்கிறார். புண் ஆழமாகிறது, சீழ் பிடிக்கிறது, எலும்பைத் தொடுகிறது. கையையும் காலையும் அழித்ததில் பெரும் பங்கு இந்த உணர்வின்மைக்கே இருந்தது.

மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த பிராண்டு தசைநாண்களை இடம் மாற்றித் தைக்கும் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். உணர்விழந்த பாதங்களைக் காக்க மெத்தென்ற மைக்ரோ செல்லுலார் ரப்பர் கொண்ட காலணிகள் உருவாக்கப்பட்டன. இன்று சர்க்கரை நோயாளிகளும் அணியும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வகையைச் சேர்ந்ததுதான். காலணிக்குப் பேர்போன நம் பகுதியில், வலி உணராத கால்களுக்காகவும் காலணி செய்யப்பட்டது என்பதை நினைவில் வைப்போம்.

வாழ்நாள் முழுவதும் வலியோடு போராடிய அந்த மருத்துவர், வலி இறைவனின் கொடை என்ற முடிவுக்கு வந்தார். வலி இனிமையானது என்று அவர் சொல்லவில்லை. வலியை உணரும் உடலே தன்னைக் காத்துக்கொள்ளும் உடல் என்பதைத் தம் நோயாளிகளிடம் கண்டார்.

உள்ளத்துக்கும் இது பொருந்தும். துன்பம் மிகுதியாகும்போது மனத்தை மரத்துப்போகச் செய்துகொள்வது எளிது. "எனக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் நல்லபடி இருக்கிறது" என்று சொல்லிச் சொல்லி வலியை மூடிவிடலாம். குடியில் அதை மறக்க முயல்கிறவர்களும் உண்டு. ஆனால் வலியை உணர மறுக்கும் மனம் அன்பின் தொடுதலையும் உணராமல் போகிறது. மரத்த பாதத்துக்கு முள்ளும் தெரியாது, பூவும் தெரியாது. அதுபோல, அழ மறந்த நெஞ்சுக்கு நன்றியும் மறந்துபோகும்.

நம் தாய்மொழியும் இதையே சொல்கிறது. திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர். 'நன்றி' என்றால் நன்மை. பெற்ற நன்மையை அறிவதே நன்றியறிதல். அறிந்த பிறகுதான் வாய் திறந்து சொல்வது. உணர்வு இல்லாத இடத்தில் அறிதலும் இல்லை.

பத்துப் பேரில் ஒருவர்

பத்துத் தொழுநோயாளர் பற்றிய நற்செய்திப் பகுதியை (லூக் 17:11-19) இப்போது மீண்டும் பார்ப்போம். விவிலியம் தொழுநோய் என்று குறிப்பிடுவது பலவகைத் தோல் நோய்களையும் உள்ளடக்கியது. எந்த நோயாக இருந்தாலும் அந்தப் பத்துப் பேரும் ஊருக்கு வெளியே, தூரத்தில் நிற்க வேண்டியவர்கள். அவர்கள் செய்த முதல் செயல் நன்றி சொல்வது அன்று. உரத்த குரலில் கூக்குரலிடுவது. தங்கள் துன்பத்தை மறைக்காமல் ஆண்டவரிடம் இரக்கம் கேட்டார்கள். குருக்களிடம் போகுமாறு ஆண்டவர் அனுப்பினார். போகும் வழியில் நோய் நீங்கியது.

பத்துப் பேருக்கும் ஒரே நன்மை கிடைத்தது. ஒருவர் மட்டும் தம் உடலைப் பார்த்தார், நடந்ததை அறிந்தார், திரும்பி வந்தார். அவர் சமாரியர். யூதர்களால் ஒதுக்கப்பட்டவர். நோயால் ஒருமுறையும் பிறப்பால் ஒருமுறையும் தள்ளிவைக்கப்பட்டவர். அதிகம் காயப்பட்டவரே அதிகம் உணர்ந்தார். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டதைக் கவனியுங்கள். நன்றி அவருக்கு ஒரு சடங்கு அன்று, உறவு. ஒன்பது பேர் நலம் பெற்றுப் போனார்கள். ஒருவர் நலம் தந்தவரிடம் திரும்பி வந்தார்.

அழுதபின் நன்றி கூறிய ஆண்டவர்

நம் ஆண்டவரும் துன்பத்தை மறைத்துக்கொண்டு நன்றி சொல்லவில்லை. இலாசரின் கல்லறை அருகே இயேசு கண்ணீர் விட்டார் (யோவா 11:35). சில வசனங்களுக்குப் பிறகு, கல்லை அகற்றிய பின், வானத்தை அண்ணாந்து பார்த்துத் தந்தைக்கு நன்றி கூறினார் (யோவா 11:41). இலாசர் அப்போது இன்னும் கல்லறையில்தான் இருந்தார். கண்ணீரும் நன்றியும் ஒரே நெஞ்சிலிருந்து, ஒரே நாளில், ஒரே இடத்தில் வந்தன.

இதன் உச்சத்தை இறுதி இராவுணவில் காண்கிறோம். ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இரவிலேயே அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார் என்பதைப் பவுலடியார் நினைவூட்டுகிறார் (1 கொரி 11:23-24). நாம் நற்கருணை என்று அழைக்கும் அருளடையாளத்துக்குக் கிரேக்க மொழியில் யூக்கரிஸ்தியா என்று பெயர். அதன் பொருள் நன்றி செலுத்துதல். திருச்சபையின் மாபெரும் நன்றி வழிபாடு ஒரு வெற்றி விழாவில் பிறக்கவில்லை. துரோகமும் மரணமும் வாசலில் நின்ற இரவில் பிறந்தது.

வியட்நாம் நாட்டு ஆயர் பிரான்சிஸ் சேவியர் வான் துவான் 1975இல் கைது செய்யப்பட்டு 13 ஆண்டுகள் சிறையிலும் காவலிலும் இருந்தார். அவற்றில் ஒன்பது ஆண்டுகள் தனிமைச் சிறை. அங்கே தம் உள்ளங்கையையே பீடமாக்கி, மூன்று துளி இரசமும் ஒரு துளி நீரும் கொண்டு திருப்பலி நிறைவேற்றினார். பின்னாளில் கர்தினாலான அவர், சிறை நல்லது என்று கற்பிக்கவில்லை. சிறையிலும் நன்றி செலுத்த முடியும் என்று காட்டினார்.

பவுலடியாரின் அறிவுரையும் இதுவே. எல்லாவற்றுக்காகவும் நன்றி கூறுமாறு அவர் தெசலோனிக்கருக்கு எழுதவில்லை. எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறச் சொன்னார். வேலை போனதற்காக நன்றி சொல்ல வேண்டியதில்லை. வேலை போன நாளிலும் கைவிடாத இறைவனுக்கு நன்றி சொல்லலாம்.

நன்றி என்ற பெயரில் வரும் மூன்று போலிகள்

முதலாவது, மூடி மறைப்பது. இறந்த வீட்டுக்குப் போய், "எல்லாம் நன்மைக்கே, அழாதே" என்று சொல்வது ஆறுதல் ஆகாது. ஆண்டவர் அழுத இடத்தில் நாம் பிறரை அழவிடாமல் தடுக்கக் கூடாது.

இரண்டாவது, பேரம் பேசுவது. நேர்த்திக்கடன் நம் மக்களின் அழகான பக்தி முயற்சி. வேளாங்கண்ணி அன்னையிடம் வேண்டிக்கொண்டு முடி காணிக்கை செலுத்துகிறோம், நடைப்பயணம் போகிறோம். கேட்டது கிடைத்தால் நன்றி, கிடைக்காவிட்டால் கோபித்துக்கொள்வது என்று ஆகிவிட்டால் அது வியாபாரமாகிறது. அத்திமரம் பூக்காமலும் தொழுவத்தில் மாடு இல்லாமலும் போனாலும் ஆண்டவரில் மகிழ்வேன் என்ற பொருளில் இறைவாக்கினர் அபக்கூக்கு மன்றாடியதை (அப 3:17-18) நினைவில் கொள்வோம்.

மூன்றாவது, அநீதியின் முன் வாயை மூடிக்கொள்வது. "வேலை கிடைத்ததே பெரிது, கூலியைப் பற்றிக் கேட்காதே, கிடைத்ததற்கு நன்றி சொல்" என்று ஏழைகளிடம் சொல்லப்படுவது உண்டு. இது நன்றியைப் பூட்டாக மாற்றுவது. இறைவனின் கொடையை மதிக்கிறவர் அந்தக் கொடை பாழாவதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். பாலாறு இறைவன் தந்த கொடை. தோல் கழிவால் அந்த ஆறும் கிணறுகளும் விளைநிலங்களும் கெட்டன. இதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக்கியது. ஆயினும் சிக்கல் தீரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும் ஒரு குழு அமைக்கவும் ஆணையிட்டது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல், படைப்பைக் கொடையாகப் பார்க்கவும் அதைப் பாதுகாக்கவும் நம்மை அழைக்கிறது. தண்ணீருக்காக நன்றி சொல்லும் வாய், தண்ணீருக்காக நியாயமும் கேட்க வேண்டும். தொழிலும் வேண்டும், ஆறும் வேண்டும். இரண்டையும் சேர்த்தே காக்கும் வழியைத் தேடுவது நம் நன்றியின் ஒரு பகுதி.

தோல் பதனிடுபவர் வீட்டு விருந்தாளி

தோல் தொழில் செய்வோர் பெருமையோடு நினைக்க வேண்டிய ஒரு பகுதி திருத்தூதர் பணிகள் நூலில் உள்ளது. யோப்பாவில் தூய பேதுரு பல நாள் தங்கியது தோல் பதனிடும் சீமோன் வீட்டில் (திப 9:43). இறந்த விலங்கின் தோலைத் தொடும் தொழிலை யூதர்கள் தீட்டோடு சேர்த்துப் பார்த்தார்கள். நம் நாட்டிலும் சாதி வழக்கம் இத்தொழிலைச் செய்தவர்களைத் தாழ்த்தியே வைத்தது. ஆனால் திருச்சபையின் தலைவர் அந்த வீட்டில் படுத்தார், உண்டார், செபித்தார். இறைவன் தூய்மையாக்கியதைத் தீட்டு என்று சொல்லக் கூடாது என்ற பாடத்தை அந்த வீட்டு மாடியில்தான் காட்சியாகப் பெற்றார் (திப 10:9-16).

தோல் நாற்றம் வீசும் வீட்டில் வானம் திறந்தது. ஷிப்ட் முடிந்து வந்து, கையில் பசையின் வாடை போகாமல் செபமாலை பிடிக்கும் ஒருவரின் நன்றியும் இறைவனுக்கு உகந்ததே. நாம் அணியும் காலணிக்குப் பின்னால் இருக்கும் கைகளுக்கு நன்றி சொல்லாமல், இறைவனுக்கு மட்டும் நன்றி சொல்வது முழுமை பெறாது.

நன்றியைப் பழக்கமாக்கும் வழிகள்

உணர்வு தானாக வரட்டும் என்று காத்திராமல் பழக்கத்தால் அதை வளர்க்கலாம். எல்லாருக்கும் இயலக்கூடிய சில வழிகள்:

1. இரவில் ஐந்து நிமிடம். தூய இலொயோலா இஞ்ஞாசியார் கற்பித்த அன்றாட ஆன்ம ஆய்வு நன்றியோடுதான் தொடங்குகிறது. குறைகளை எண்ணுவது அதன் பிறகே. பொதுவாக "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று சொல்லாமல், அன்று கிடைத்த மூன்று நன்மைகளைப் பெயரோடு சொல்லுங்கள். பஸ்ஸில் இடம் கொடுத்தவர், கடனைக் கேட்காமல் ஒரு வாரம் பொறுத்தவர், காய்ச்சல் தணிந்த பிள்ளை.

2. வலியையும் சொல்லுங்கள். அதே செபத்தில் அன்றைய வேதனை ஒன்றையும் மறைக்காமல் இறைவன்முன் வையுங்கள். திருப்பாடல்கள் பலவும் புலம்பலில் தொடங்கி நன்றியில் முடிகின்றன. 22ஆம் திருப்பாடலை மெதுவாக வாசித்துப் பாருங்கள்.

3. திருப்பலியில் காணிக்கை நேரம். அப்பமும் இரசமும் பீடத்துக்குப் போகும்போது அந்த வாரத்து உழைப்பையும் கவலையையும் மனத்தால் அவற்றோடு சேர்த்து வையுங்கள். பிறகு வரும் நன்றி மன்றாட்டு நம்முடையதாகும்.

4. நேரில் சொல்லும் நன்றி. சமைத்துக் கொடுத்தவருக்கும், தெருவைக் கூட்டுபவருக்கும், உடன் வேலை செய்பவருக்கும் வாய் திறந்து நன்றி சொல்லுங்கள். வெளிமாநிலத் தொழிலாளர்களை மறவாதீர்கள். அவர்கள் மொழி தெரியாவிட்டாலும் புன்னகை புரியும்.

5. அன்பியத்தில் பகிர்வு. அன்பியக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு நன்மையையும் ஒரு கவலையையும் சொல்லலாம். ஒருவருடைய கவலை கேட்கப்படும்போதே இன்னொருவர் உதவ வழி பிறக்கிறது. அந்த உதவி அடுத்த கூட்டத்தின் நன்றியாகிறது.

நன்றி சொல்ல முடியாதவர்களுக்கு

இவற்றை வாசித்த பிறகும், "என்னால் முடியவில்லை" என்று சொல்பவர் இருக்கலாம். பிள்ளையை இழந்தவர், தீராத நோயில் படுத்திருப்பவர், கடனால் உறக்கம் இழந்தவர். உங்களுக்கும் விவிலியத்தில் இடம் உண்டு. 88ஆம் திருப்பாடலில் நன்றி இல்லை. அது இருளிலேயே முடிகிறது. திருச்சபை அதை நீக்கிவிடவில்லை. வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் இன்றும் அதைச் சொல்கிறது. புலம்புகிறவர் இன்னும் இறைவனோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.

நீங்கள் சொல்ல இயலாத நன்றியை, உங்கள் பங்கு மக்கள் ஞாயிறு திருப்பலியில் உங்களுக்காகவும் சேர்த்துச் சொல்கிறார்கள். நீங்கள் திடம் பெறும் நாளில் வேறொருவருக்காக நீங்கள் அதைச் சொல்வீர்கள்.

அன்புக்குரியவர்களே, வலி தெரிகிறது என்றால் நம் உள்ளம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த உயிருள்ள உள்ளத்தோடு இன்று இரவு ஒரே ஒரு நன்மையையாவது பெயர் சொல்லி இறைவனுக்கு நன்றி கூறுவோம்.

செபம்: அன்பு இறைவா, எங்கள் காயங்களை நீர் அறிவீர். அவற்றை மறைக்காமல் உம்மிடம் கொண்டுவர எங்களுக்குத் துணிவு தாரும். மரத்துப்போன எங்கள் உள்ளங்களைத் தொட்டு, நீர் செய்யும் நன்மைகளை அறியும் உணர்வைத் தாரும். எங்கள் தொழிலையும் எங்கள் ஆற்றையும், உழைக்கும் எல்லாக் கைகளையும் ஆசீர்வதியும். காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் உமக்கு நன்றி செலுத்திய எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.